லுவார் கரையில் சைக்கிள் பயணம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரையோரமாக இரண்டு முறை சைக்கிளில் போய் வந்தேன். முதல் தடவை அக்காவுடன் ஒர்லேயானிலிருந்து தூர் வரை ஆறு நாள். இரண்டு வருடம் கழித்துத் தூரிலிருந்து கடல் வரை ஒன்பது நாள். அப்போது அக்காவுக்கு 57 வயது. ஊர் திரும்பியதிலிருந்து சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

லுவார்னா எங்க இருக்கு? பாரிஸ்ல இருந்து ரொம்ப தூரமா?

பிரான்ஸின் மிக நீளமான ஆறு அது. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாட்டின் நடுவில் மேற்கே திரும்பி நாந்த் நகரைத் தாண்டி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. பாரிஸின் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஒர்லேயான், அதாவது ஆற்றங்கரை.

இந்த ஆற்றை ஒட்டி ‘லா லுவார் அ வெலோ’ என்ற பெயரில் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. நெவேர் பக்கத்திலிருக்கும் குஃபி என்ற சின்ன ஊரில் தொடங்கி, கடலோரத்தில் சென்-ப்ரெவான் வரை சுமார் 900 கிலோமீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் மேற்குக் கோடி இதுதான். முழுவதையும் ஓட்ட வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் ப்ளுவாவுக்கும் சொமூருக்கும் நடுவில் உள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் அடர்த்தியாக இருப்பது அங்கேதான்.

நான் சைக்கிள் தொட்டே பதினஞ்சு வருஷம் ஆச்சு. தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டணும்?

முப்பதிலிருந்து நாற்பத்தைந்து. எங்கள் கணக்கு அதுதான். மணிக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சப் பொழுது உங்களுடையது. ப்ளுவா–ஆம்புவாஸ் சுமார் 40 கிலோமீட்டர், ஆம்புவாஸ்–தூர் 25-ஐ ஒட்டி, தூர்–வில்லாந்திரி 20 என்று ஊர்களும் அதற்குத் தோதாகவே அமைந்திருக்கின்றன.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். அது காலுக்கான பயிற்சி அல்ல, சீட்டில் உட்கார்ந்து பழகுவதற்கு. முதல் மூன்று நாளும் வலிப்பது உட்காரும் இடம்தான். அக்காவுக்கு முழங்கால் வலியும் வந்தது. சீட்டை இரண்டு விரல்கடை உயர்த்தியதும் மறுநாளே போய்விட்டது. பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். நம்மில் பலர் சீட்டைத் தாழ்வாக வைத்தே ஓட்டிப் பழகியவர்கள்.

நிஜமாவே மேடே கிடையாதா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, போனா மூச்சு வாங்குது.

ஆற்றை விட்டு விலகாத வரை கிடையாது. நெவேரில் ஆறு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 170 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கடல் வரையுள்ள 900 கிலோமீட்டர் பாதைக்கு அதை வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறக்கம்கூட வராது. தரை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பார்க்க வேண்டிய ஊர்கள் சில மேட்டில் இருக்கின்றன. சான்சேர் முழுக்கக் குன்றின் மேல். ஆற்றங்கரையிலிருந்து 150 மீட்டர் ஏற வேண்டும், நானாக இருந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவேன். ஷினோனுக்குள் நுழையும் முன் ஒரு மேடு உண்டு. ப்ளுவா நகரத்துக்குள்ளேயும் ஏற்றம்தான். இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எழுபது வயதுப் பிரெஞ்சுக்காரர்கள் எங்களுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

எந்த மாசம் போகலாம்? எங்களுக்கு மே லீவுதான் வசதி.

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்லவை. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். எட்டு மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தாலும் பதற்றம் வராது. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், வெயில் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டும் நாட்களும் வருகின்றன. ‘நாங்க பாக்காத வெயிலா’ என்று நினைக்க வேண்டாம். கரை மேல் ஓடும் பாதையில் பல இடங்களில் மரநிழல் கிடையாது.

மே மாதத்தில் ஒரு சிக்கல், விடுமுறைகள். மே 1, மே 8, அப்புறம் தேதி மாறி மாறி வரும் இரண்டு கிறிஸ்தவப் பண்டிகைகள். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், திறந்த கடை கிடைப்பது அதைவிடக் கஷ்டம். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் வெள்ளம் வந்து பாதையின் தாழ்வான பகுதிகள் மூழ்குவது உண்டு.

கிழக்கேயிருந்து மேற்கா, மேற்கேயிருந்து கிழக்கா? ஆத்தோட போனா சுலபம்தானே?

பெரும்பாலோர் ஆற்றோடு கடலை நோக்கித்தான் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம், அது தப்பு என்று இரண்டாவது பயணத்தின் நான்காம் நாள் புரிந்தது. இறக்கத்தால் லாபம் இல்லை என்று மேலேயே சொன்னேன். காற்று விஷயம் அப்படியல்ல. இங்கே பெரும்பாலும் அட்லாண்டிக்கிலிருந்து, மேற்கேயிருந்து வீசுகிறது. ஆன்ழே தாண்டிய பிறகு எதிர்காற்றில் மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான் ஓட்ட முடிந்தது. எதிரே கிழக்கு நோக்கிப் போனவர்கள் கை வீசிக்கொண்டு, பேசிக்கொண்டே போனார்கள்.

கடலில் போய் முடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக மேற்கே போவதானால் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். பல நாட்களில் காற்று மதியத்துக்கு மேல்தான் வலுக்கிறது. கையில் இருப்பது ஒரே வாரம் என்றால், யோசிக்காமல் சொமூரில் ஆரம்பித்துக் கிழக்கே வாருங்கள்.

சைக்கிளை இங்கிருந்தே கொண்டுபோகணுமா?

வேண்டாம். ஒர்லேயான், ப்ளுவா, தூர், சொமூர், நாந்த் எல்லா ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விடும் வசதியும் சில நிறுவனங்களிடம் உண்டு. நாங்கள் கொடுத்தது நாளுக்கு 15 யூரோவை ஒட்டி. ஒரு வாரத்துக்கு எடுத்தால் குறையும். பின்கேரியரில் மாட்டும் பக்கப் பைகள், பூட்டு, பஞ்சர் சாமான் இவை வாடகையில் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எடுக்கும்போது காற்றடிக்கும் பம்ப்பை வால்வில் வைத்துப் பாருங்கள். அங்கே இரண்டு வகை வால்வு உண்டு, கார் டயரில் இருப்பது போன்ற தடித்தது ஒன்று, மெலிந்த நீளமான ஒன்று. எங்களுக்கு ஒரு கடையில் மெலிந்த வால்வு சைக்கிளும் தடித்த வால்வு பம்ப்பும் கொடுத்து அனுப்பினார்கள். அது தெரிந்தது மூன்றாம் நாள், கரும்பு உயரச் சோளக் காட்டுக்கு நடுவில்.

வழி தப்பிட்டா? ரெண்டு பேருக்கும் மேப் பாக்கத் தெரியாது.

தப்பாது. ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னப் பலகை இருக்கும், அடுத்த ஊரின் பெயரும் தூரமும் போட்டிருக்கும். நாங்கள் தப்பியதெல்லாம் பேச்சு மும்முரத்தில் பலகையைப் பார்க்காமல் விட்டபோதுதான். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பலகையே கண்ணில் படவில்லை என்றால் திரும்புங்கள். பெரிய ஊருக்குள் மட்டும் போனில் வழி பார்த்துக்கொண்டால் போதும்.

ரோடு எப்படி? லாரி, பஸ்ஸோட ஓட்டணுமா?

பாதையில் பாதி மோட்டார் வண்டி நுழையாத தனிப்பாதை. மீதி, அரை மணிக்கு ஒரு கார் போகும் கிராமச் சாலை. பல இடங்களில் ‘லெவே’ எனப்படும் வெள்ளத்தடுப்புக் கரையின் மேலேயே ஓட்டுகிறீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து கட்டிக் கட்டி உயர்த்திய கரைகள் அவை. ஒரு பக்கம் ஆறு, மணல்திட்டு, கொக்கு. இன்னொரு பக்கம் கண்மட்டத்துக்குக் கீழே வீட்டுக் கூரைகள், தக்காளிப் பாத்தி, துணி காயும் கொடி. அவ்வளவு கரை போட்டும் 1846, 1856, 1866 மூன்று வருடமும் பெருவெள்ளம் உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. பழைய வீட்டுச் சுவர்களில் தண்ணீர் வந்த உயரத்தைக் கோடு கிழித்து வருடம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சுவரில் 1856-இன் கோடு எனக்குத் தோளுக்கு மேலே இருந்தது. சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினால் சீட், ஹேண்டில்பார் எல்லாம் முழுகிப்போகும் உயரம்.

தார் போடாமல் மண்ணும் பொடிச்சரளையும் கெட்டித்த தடங்களும் உண்டு. மழை பெய்தால் வெள்ளைச் சேறு முதுகு வரை தெறிக்கும். மெல்லிய பந்தய டயர் வேண்டாம், 35 மில்லிமீட்டராவது அகலம் இருக்கட்டும். அப்புறம் முக்கியமானது, அங்கே வண்டி போவது வலது பக்கம். காலையில் கிளம்பிய முதல் ஐந்து நிமிடம்தான் ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் கை தானாக இடது பக்கம் இழுக்கும்.

ஹெல்மெட் கட்டாயமா? போலீஸ் பிடிப்பாங்களா?

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2017 மார்ச்சிலிருந்து கட்டாயம். பெரியவர்களுக்கு இல்லை, ஆனாலும் போடுங்கள். மணி, முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேல்சட்டையும் வேண்டும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டோ, போனைக் கையில் பிடித்துக்கொண்டோ ஓட்டினால் 135 யூரோ அபராதம்.

ஒரு விதி மட்டும் நமக்குப் புதிது. கிராமங்களுக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலது பக்கச் சந்திலிருந்து வருபவருக்குத்தான் முதல் உரிமை. அவர் நின்று பார்க்க மாட்டார், நேராக வருவார்.

பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. இங்கிலீஷ் பேசினா முகத்தைத் திருப்பிக்குவாங்களாமே?

ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், ‘போன்ழூர்’. கடைக்குள் நுழைந்ததும், யாரிடமாவது எதையாவது கேட்பதற்கு முன்பும், எதிரே சைக்கிளில் வருபவரிடமும் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு ரொட்டிக் கடையில் நேராக ‘டூ குரோசான்’ என்றேன். கல்லாவில் இருந்த அம்மா ‘போன்ழூர்’ என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் மறுபடி ‘டூ குரோசான்’ என்றேன். அவர் மறுபடி ‘போன்ழூர்’ என்றார். அக்கா பின்னாலிருந்து முதுகில் இடித்து, “வணக்கம் சொல்லுடி, அதுக்குத்தான் நிக்கிறாங்க” என்றாள். சொன்னேன். அதன் பிறகு அந்த அம்மாவே ஆங்கிலத்தில் பேசினார்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? வழியில கடை இருக்கும்ல?

இருக்கும். திறந்திருக்குமா என்பதுதான் கேள்வி. மிதிப்பதைவிடக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவதுதான் இந்தப் பயணத்தில் கஷ்டமான வேலை. ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கிராமத்து மளிகைக் கடை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்று மணி, சில இடங்களில் நான்கு மணிக்குத்தான் திறக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள். இரண்டே காலுக்குப் போய் நின்றால் சமையற்காரர் கிளம்பியிருப்பார், கெஞ்சினாலும் பயன் இல்லை. இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன்பு கிடையாது.

ஞாயிறு மதியத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லாமே மூடல். திங்கட்கிழமையும் பல கடைகளுக்கு விடுமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று கிராமம் கடந்தோம். மூன்றிலும் மாதா கோவில் இருந்தது, பூ வைத்த ஜன்னல் இருந்தது, மனிதர் ஒருவரும் கண்ணில் படவில்லை. நான்காவது ஊரில் சாலையோரம் ஒரு இரும்புப் பெட்டி. காசு போட்டால் நீளமான பகெத் ரொட்டி விழும் இயந்திரம். வெதுவெதுப்பாக விழுந்தது. பையில் மிச்சமிருந்த மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்து, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு பஸ் நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா இன்றைக்கும் அந்தப் பயணத்தின் நல்ல சாப்பாடு அதுதான் என்கிறாள்.

ஆக, காலையில் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே மதியத்துக்கான ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் மூன்றையும் வாங்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு நாளைக்கு வாங்குங்கள்.

நாங்க சுத்த சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை, அலுப்பு உண்டு. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன நாடு இது. நடுவில் வைக்கோல் குச்சி செருகிய உருளையாக சேன்த்-மோர், உச்சி வெட்டிய பிரமிடு வடிவில் வலான்ஸே என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று. ஆனால் பாரம்பரிய முறையில் பாலை உறைய வைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பது வழக்கம். அதுவும் கூடாது என்பவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். சாலட் என்று சொன்னாலும் அதில் பன்றித் துண்டுகள் தூவியிருக்கும். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். ‘சான் வியாந்த், சான் புவாஸோன்’, இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சொமூர் பக்கம் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகைகளில் காளான் வளர்க்கிறார்கள். சில குகைகள் உணவகங்களாகவே இருக்கின்றன. அங்கே விறகு அடுப்பில் சுட்ட ‘ஃபுவே’ கிடைக்கும். நம் பூரி மாதிரி உப்பிய சின்ன ரொட்டி, கீறி உள்ளே காளானோ வெள்ளை பீன்ஸோ வைத்துச் சாப்பிடலாம். கொண்டு வந்து வைத்துக்கொண்டே இருப்பார்கள். பாரிஸில் ரயில் ஏறும் முன் நேரம் இருந்தால் லா ஷப்பேல் பகுதிக்குப் போய் வாருங்கள். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஊறுகாயும் இட்லிப்பொடியும் அங்கே வாங்கினால் ஊரிலிருந்து சுமக்க வேண்டியதில்லை.

தண்ணி, பாத்ரூம்?

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். சிரிக்காதீர்கள், பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லாரும் செய்வதுதான். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஊருக்கு ஊர் கல்லறை வாசலில் குழாய் வைத்திருக்கிறார்கள். ‘நோன் பொதாபிள்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. முதலில் அக்கா வெளியிலேயே நின்றாள், சாவு வீட்டுத் தண்ணீரா என்று. வெயில் ஏறியதும் உள்ளே வந்து முகமும் கழுவிக்கொண்டாள்.

கழிப்பறை பொதுவாக ஊராட்சி அலுவலகமான ‘மேரி’க்குப் பக்கத்திலோ மாதா கோவிலுக்குப் பின்னாலோ இருக்கும். காகிதம் கையில் வைத்திருங்கள்.

எங்க தங்குறது? ஆத்தங்கரையில டென்ட் போட்டுக்கலாமா?

ஆற்று மணலிலும் கரையிலும் இஷ்டத்துக்குக் கூடாரம் போடக் கூடாது. அதற்கென்று பணம் கட்டித் தங்கும் முகாம் திடல்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஊராட்சியே நடத்துபவை மலிவு. சுடுநீர்க் குளியல், துணி துவைக்கும் தொட்டி எல்லாம் இருக்கும். கூடாரம் வேண்டாம் என்றால் வீட்டிலேயே அறை வாடகைக்கு விடும் ‘ஷாம்ப்ர் தோத்’ இருக்கிறது. காலையுணவும் வாடகையில் சேர்த்தி. எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

தேடும்போது ‘அக்கேய் வெலோ’ என்ற அடையாளப் பலகை உள்ள இடமாகப் பாருங்கள். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கச் சாமானும் கொடுப்பார்கள். இரவில் சைக்கிளைத் தெருவில் விடாதீர்கள், நகரங்களில் திருட்டு உண்டு. கரையோரம் சாயங்காலக் கொசுவும் உண்டு.

ஆறு அழகா இருக்கே, இறங்கிக் குளிக்கலாம்ல?

கூடாது. மணல்திட்டு கெட்டியாகத் தெரியும், ஓரத்தில் அடிமணல் அரித்துப் போயிருக்கும். கால் வைத்தால் சரியும், பக்கத்திலேயே இழுப்பு இருக்கும். முழங்கால் தண்ணீர் என்று இறங்கி உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்ட் வறட்சியில் சில இடங்களில் ஆற்றை நடந்தே கடக்க முடிந்தது. அதை நினைத்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம். தவிர, கோடையில் அந்தத் திட்டுகளில் ஆலா என்ற பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. மணல் நிறத்திலேயே முட்டை, மிதித்தால்தான் தெரியும். குளிக்க வேண்டுமானால் பல முகாம் திடல்களில் நீச்சல் குளம் இருக்கிறது.

நடுவுல முடியலைன்னா ரயில்ல சைக்கிளை ஏத்திக்கலாமா?

ஏற்றலாம். இந்தப் பாதையின் பெரிய தைரியமே அதுதான். ஆற்றை ஒட்டியே ரயில் பாதையும் போகிறது. டி.இ.ஆர் எனப்படும் வட்டார ரயில்களில் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் இருக்கும். ஆனால் இடம் குறைவு. கோடை மாதங்களில் சில ரயில்களில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். டி.ஜி.வி என்ற அதிவேக ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்ற முன்பதிவும் கட்டணமும் வேண்டும், எல்லா வண்டியிலும் வசதி கிடையாது.

நிலையத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். பைகளைக் கழற்றித் தனியாக வையுங்கள். சைக்கிள் படம் போட்ட பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டையோடு சைக்கிளைத் தூக்கிப் படி ஏறப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவள் சொல்கிறேன்.

பஞ்சர் ஆனா? நமக்கு மெக்கானிக் தெரு முனையில இருப்பான், அங்க?

அங்கே நீங்கள்தான் மெக்கானிக். கடை அடுத்த பெரிய ஊரில் இருக்கும், திங்கட்கிழமை என்றால் அதுவும் மூடியிருக்கும். ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், பொருந்தும் பம்ப் வேண்டும். பம்ப் கதையை மேலே சொல்லிவிட்டேன். டியூப்பை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வேலிச் செடியை வெட்டிப் பாதையில் விட்டிருந்த முள்ளொன்று எங்கள் டயருக்குள் மிளகளவு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் புது டியூப் போட்டோம். நூறு மீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கியது. ஊரிலேயே ஒரு ஞாயிறு மதியம் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள்.

மொத்தம் எத்தனை கோட்டை பாக்கலாம்? லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன், பதினாலு.

பாதியை அடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கோட்டை, அதுவும் மதியத்துக்குள். என்னைக் கேட்டால் மூன்று போதும். ஷாம்போர்: 1519-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வேட்டைக்குப் போய்த் தங்குவதற்கென்று தொடங்கியது. ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாமல் பின்னிச் சுழலும் இரட்டைப் படிக்கட்டு அங்கே இருக்கிறது. காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில். காட்டுக்குள் சைக்கிளில் நெடுநேரம் மிதித்து வந்து, மரங்கள் விலகியதும் அந்தக் கூரைக் கோபுரங்கள் தென்படுவது பஸ்ஸில் வருபவர்களுக்குக் கிடைக்காது. வில்லாந்திரி: கோட்டையைவிடத் தோட்டம். முட்டைக்கோஸையும் கத்திரியையும் கோலம் போட்ட மாதிரி நட்டு வைத்திருக்கிறார்கள். ஆம்புவாஸ்: லியொனார்தோ டா வின்சி கடைசி மூன்று வருடம் வாழ்ந்து 1519-இல் இறந்த க்ளோ லூஸே வீடு அங்கேதான்.

பிரபலமான ஷெனோன்ஸோ லுவார் மேல் இல்லை, ஷேர் என்ற துணையாற்றின் மேல் இருக்கிறது. ஆம்புவாஸிலிருந்து விலகிப் போய்வர ஒரு நாள் வேண்டும். கோட்டை அலுத்தவர்களுக்குக் கிழக்கே ப்ரியார் இருக்கிறது. அங்கே லுவாரின் மேல் 662 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்ப் பாலம். 1896-இல் திறந்தது. கீழே ஆறு ஓட, மேலே கால்வாயில் படகு போகிறது.

அணு உலை பக்கமா ரோடு போகுதாமே? இயற்கைன்னு சொன்னீங்க?

போகிறது. லுவார் கரையில் பெல்வில், தாம்பியேர், சென்-லோரான், ஷினோன் என்று நான்கு அணுமின் நிலையங்கள். குளிர்விக்க ஆற்றுத் தண்ணீர் வேண்டும், அதனால் கரையிலேயே கட்டியிருக்கிறார்கள். சமவெளி ஆனதால் குளிர்விப்புக் கோபுரத்தின் வெண்ணிற ஆவி வெகு தூரத்திலிருந்தே தெரியும். எவ்வளவு மிதித்தாலும் கிட்டே வராத மாதிரி இருக்கும். ‘ஐரோப்பாவின் கடைசிக் காட்டாறு’ என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். எண்ணூறு வருடமாகக் கரை போட்டு, நான்கு இடத்தில் அணு உலை வைத்த ஆறு இது. அழகுக்குக் குறைச்சல் இல்லை.

ஒயின் ஊராமே. ஒரு கிளாஸ் அடிச்சுட்டு ஓட்டலாமா?

சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே சட்டம், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம். வூவ்ரே, சொமூர் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள். தங்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 66. பையனுக்கு ஒன்பது. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகலாமா?

அம்மாவுக்கு மின்சார சைக்கிள் எடுங்கள். மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணை செய்யும், 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுவிடும். எதிர்காற்றில் அவர்தான் முன்னால் போவார். ஆனால் கனமான வண்டி, ரயிலில் தூக்கி ஏற்ற ஆள் வேண்டும்.

பையனுக்கு நாளுக்கு 25 கிலோமீட்டர், ஹெல்மெட் கட்டாயம். தூர்–வில்லாந்திரி மாதிரிச் சின்னத் துண்டாக எடுங்கள். பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் கொண்டுபோய் வைக்கும் சேவையும் இருக்கிறது. குடும்பமாகப் போனால் அந்தச் செலவு தகும்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

விமானம் போக, இரண்டு பேருக்கு நாளுக்கு 130-லிருந்து 150 யூரோ ஆனது. அறைதான் அதில் பாதிக்கு மேல். மதியம் ரொட்டி, இரவு ஒரு வேளை உணவகம் என்று வைத்துக்கொண்டோம். கூடாரத்தில் தங்கி, தானே சமைத்தால் இதில் பாதியில் முடிப்பவர்கள் உண்டு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். வாங்கும்போது அதில் சைக்கிள் விபத்தும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். அவசர எண் 112.

கடல் வரைக்கும் போகணும்னு ஆசை. நாந்த் தாண்டினா என்ன இருக்கு? திரும்பி எப்படி வர்றது?

நாந்துக்கு மேற்கே குவெரோன் என்ற இடத்தில் பாதை கரை மாறுகிறது. பாலம் கிடையாது, கார்களையும் சைக்கிள்களையும் சேர்த்து ஏற்றும் படகு, கட்டணமில்லை, சில நிமிடத்தில் அக்கரை. அதற்கப்புறம் பழைய கால்வாய், நாணல், மாட்டு மேய்ச்சல், உப்புக்காற்று. முடிவில் சென்-ப்ரெவான். எதிர்க்கரையில் சென்-நஸேர், அங்கேதான் ரயில் நிலையம். நடுவில் 1975-இல் திறந்த 3,356 மீட்டர் நீளப் பாலம். சைக்கிளுக்குத் தடை இல்லை, ஆனால் உயரமான வளைவு, ஒதுங்கக் குறுகலான ஓரம், பக்கவாட்டுக் காற்று, லாரி. நான் ஓட்ட மாட்டேன். சைக்கிளை ஏற்றிக்கொண்டு பாலம் கடக்கும் வண்டி அந்த வாரம் ஓடுகிறதா என்று ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் வந்த வழியே நாந்துக்குத் திரும்புங்கள். இந்தத் தடவை காற்று உங்கள் முதுகில் இருக்கும்.

கடற்கரையில் ஹுவாங் யோங் பிங் என்ற சிற்பி 2012-இல் வைத்த கடல்பாம்பின் எலும்புக்கூடு கிடக்கிறது. அலுமினியத்தில் செய்தது, 130 மீட்டர் நீளம். கடல் உள்வாங்கும் நேரத்தில் மணலில் முழுதாக நடந்து சுற்றிப் பார்க்கலாம், அலை ஏறும் நேரத்தில் முக்கால்வாசி மூழ்கிவிடும். ஒன்பது நாள் மிதித்து நாங்கள் போய் நின்றது அலை ஏறியிருந்த நேரத்தில். சில எலும்புகள் மட்டும் தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தன. அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, “இதுக்கும் ஒரு நேரம் போட்டிருக்காங்களா?” என்றாள். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் முதல் நாள் இரவே அலை அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.